நகக்கீறல் பட்ட நாற்காலி

கல்லூரியில் என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் போன் பண்ணினான். நான் பாதை தவறிப் பத்திரிகைக்கு வந்தவன். அவன் ஒழுங்காகப் படித்து ஆடிட்டர் ஆனவன்.

'ஆறு நாள் லீவு கிடைச்சிருக்குடா. குடும்பத்தோட ஜாவா போறோம். எதெது பார்க்கணும்னு ஒரு லிஸ்ட் குடு.'

'ஆறு நாள்ல ஜாவாவா?'

'ஏன்? தீவுதானே?'

தீவுதான். ஆனால் அந்தத் தீவின் பரப்பளவு சுமார் 1 லட்சத்து 29 ஆயிரம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு 1 லட்சத்து 30 ஆயிரம். கிட்டத்தட்ட ஒரே சைஸ். ஜனத்தொகை மட்டும் நம்மைப் போல இரு மடங்கு. 2020-ம் ஆண்டு கணக்கெடுப்பின்படி 15 கோடிக்கு மேல். உலகத்திலேயே அதிகம் பேர் வாழும் தீவு அதுதான். மேற்கிலிருந்து கிழக்கே ஆயிரம் கிலோமீட்டர் நீளம். நடுவே முதுகெலும்பு மாதிரி வரிசையாக எரிமலைகள்.

'நீ ஏற்கெனவே ஒரு லிஸ்ட் வெச்சிருப்பியே, அதைச் சொல்லு' என்றேன்.

வைத்திருந்தான். ஜகார்த்தா இரண்டு நாள். அப்புறம் யோக்யகார்த்தா. அங்கிருந்து போரோபுதூர், பிரம்பானன். கடைசியில் புரோமோ எரிமலை. விடிகாலை ஜீப் சவாரி, சூரியோதயம், போட்டோ. முடிந்தது ஜாவா.

குறை சொல்லவே முடியாத லிஸ்ட். உலகம் பூராவும் எல்லா ட்ராவல் ஏஜென்ட்டுகளும் கொடுப்பது இதைத்தான். நாம் மட்டும் என்னவாம்? தமிழ்நாட்டை ஆறு நாளில் பார்க்க ஒருவர் வந்தால் மாமல்லபுரம், தஞ்சாவூர், மதுரை, ஊட்டி என்றுதான் சொல்வோம். 1806-ல் சிப்பாய்கள் எழுந்து நின்ற வேலூர்க் கோட்டையைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று எத்தனை பேர் சொல்வோம்?

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். இந்த லிஸ்ட்டை முதன்முதலில் போட்டது யார்?

அதைத் தேடிப் போனால், ஆரம்பம் நம்ம ஊர்க் கடற்கரையில் இருக்கிறது.

*

1811-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். சென்னையிலிருந்து கப்பல் கப்பலாகப் படைகள் கிளம்பின. ஐரோப்பாவில் நெப்போலியன் ஹாலந்தை விழுங்கிவிட்டார். ஆகவே டச்சுக்காரர்கள் வசமிருந்த ஜாவாவும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்விட்டதாகத்தான் அர்த்தம். விட்டுவைக்குமா கிழக்கிந்தியக் கம்பெனி? கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே கூடப் போனார். படைக்குத் தலைமை, சென்னை ராணுவத்தின் தளபதி சர் சாமுவேல் ஆக்முட்டி. வெள்ளைக்காரச் சிப்பாய்களோடு ஆயிரக்கணக்கில் இந்தியச் சிப்பாய்கள்.

ஆகஸ்டில் ஜாவாவில் இறங்கினார்கள். செப்டம்பரில் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பதே வயதான ஓர் ஆள் ஜாவாவின் லெப்டினன்ட் கவர்னராக உட்காரவைக்கப்பட்டார். பெயர், தாமஸ் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ். பின்னாளில் சிங்கப்பூரில் கம்பெனியின் கொடியை நட்ட அதே ராஃபிள்ஸ்தான்.

படையோடு போன இன்னொருவரும் நமக்குத் தெரிந்தவர்தான். காலின் மெக்கன்சி. தென்னிந்தியா முழுக்க அலைந்து ஏடும் கல்வெட்டும் திரட்டியவர். அவர் சேர்த்த சுவடிகளில் ஒரு பகுதி இன்றைக்கும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. போன இடத்திலும் மனிதருக்குக் கை சும்மா இருக்கவில்லை. 1812 ஜனவரியில் பிரம்பானன் இடிபாடுகளுக்குப் போய், பார்த்து, அளந்து, எழுதிவைத்தார்.

இரண்டு வருடம் கழித்து, 1814-ல், ராஃபிள்ஸ் காதுக்கு இன்னொரு சேதி வந்தது. கெடு சமவெளியில் ஒரு குன்று. மண்ணும் மரமும் மூடிய அந்தக் குன்றுக்குள் சிலைகள் இருக்கின்றன. கொர்னேலியஸ் என்ற டச்சு இன்ஜினீயரை அனுப்பினார். இருநூறு ஆட்கள் மரம் வெட்டி, புதர் எரித்து, மண் தோண்ட, வெளியே தலைகாட்டியது போரோபுதூர்.

'கண்டுபிடித்தார்' என்று எழுதுவார்கள். சுற்றிலும் கிராமங்கள் இருந்தன. அந்த ஜனங்களுக்கு அது தெரியாமலா இருந்தது? அவர்கள் சொல்லித்தானே சேதியே வந்தது! போகட்டும்.

1817-ல் ராஃபிள்ஸ் எழுதிய 'ஜாவாவின் வரலாறு' லண்டனில் வெளியானது. இரண்டு தடித்த வால்யூம்கள். படங்களோடு. ஜாவா என்றால் இன்னின்ன இடங்கள் என்று ஐரோப்பா தெரிந்துகொண்டது அந்தப் புத்தகத்தில்தான். நண்பன் கையில் இருக்கும் லிஸ்ட்டுக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா.

அந்தப் புத்தகத்துக்குள் ஒரு வாதமும் இருக்கிறது. ஜாவா ஒரு காலத்தில் ஓகோவென்று இருந்தது, அப்புறம் சீரழிந்தது, டச்சுக்காரர்கள் இன்னும் கெடுத்தார்கள், நாங்கள் இருந்தால் தூக்கி நிறுத்துவோம். சுருக்கமாக, ஆட்சிக்கு ஒரு சிபாரிசுக் கடிதம். கற்கோயில்கள் அதற்கு அட்டாச்மென்ட். ஆனால், 1816-லேயே ஜாவாவை டச்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. கடிதம் பலிக்கவில்லை. லிஸ்ட் மட்டும் தங்கிவிட்டது.

*

பி.காம். முதல் வருடத்தில் ஒரு பாடம் சொல்லித்தருவார்கள். ஐந்தொகையில் ஒரு பக்கம் சொத்து இருந்தால், மறுபக்கம் அதற்குச் சமமாகப் பொறுப்பு இருந்தே தீரும். ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறவன் வியாபாரியாக இருக்கலாம், கணக்கனாக இருக்க முடியாது.

சுற்றுலா லிஸ்ட்டுகள் எல்லாமே சொத்துப் பக்கம் மட்டும்தான். கோயில், அரண்மனை, தோட்டம், அகலமான ரோடு. எதிர்ப் பக்கத்தைத் தனியாகத் தேடிப் போக வேண்டும். ஜாவாவில் அதற்கு ரொம்பத் தூரம் அலைய வேண்டாம். ஒவ்வொரு கோபுரத்துக்குப் பக்கத்திலேயே பில்லும் இருக்கிறது.

யோக்யகார்த்தா சுல்தானின் அரண்மனையை எடுத்துக்கொள்ளுங்கள். 'க்ராத்தோன்' என்பார்கள். ஊர்ப்பெயரே அயோத்தியிலிருந்து வந்தது என்பார்கள். சுல்தான்களுக்கு ஹமெங்குபுவனா என்று பட்டம். அதில் உள்ள 'புவன' நம் புவனம்தான். முஸ்லிம் சுல்தான், சம்ஸ்கிருதப் பட்டம். ஜாவாவில் இதெல்லாம் யாரையும் உறுத்துவதில்லை. டூரிஸ்டுகள் காலையில் போய் மண்டபத்தையும் காமெலான் வாத்தியங்களையும் பார்த்துவிட்டு, மாலையில் பாத்திக் துணி வாங்கப் போய்விடுவார்கள்.

1812 ஜூன் 20. விடிவதற்கு முன்னால் இந்த அரண்மனையைப் பீரங்கி வைத்துத் தகர்த்துக்கொண்டு பிரிட்டிஷ் படை உள்ளே புகுந்தது. உத்தரவு, பழமையைப் போற்றிய அதே ராஃபிள்ஸுடையது. கோட்டையின் நான்கு மூலைக் கொத்தளங்களில் வடகிழக்கு மூலை அன்றைக்கு நொறுங்கியது. சுல்தான் இரண்டாம் ஹமெங்குபுவனாவைப் பிடித்துப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். கஜானா காலி. நகைகள் காலி. கட்டுக்கட்டாகச் சுவடிகளும் போயின. ராஃபிள்ஸ், அவருடைய சகா க்ராஃபர்ட், நம்ம மெக்கன்சி மூன்று பேர் வசமும் அவை போய்ச் சேர்ந்தன. ஜாவா வரலாறு எழுதுகிறவர், ஜாவாக்காரர்கள் எழுதிவைத்த வரலாற்றை மூட்டைகட்டிக்கொண்டு போனார்.

அந்தச் சுவடிகளில் 75-ஐ பிரிட்டிஷ் நூலகம் 2019-ல் டிஜிட்டல் பிரதியாக்கி, இன்றைய சுல்தானிடம் கொடுத்தது. கவனியுங்கள், பிரதி. அசல் லண்டனில்தான்.

அன்று சுவர் ஏறிக் குதித்தவர்களில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அதே சிப்பாய்களில் ஒரு பகுதியினர் 1815-ல் பக்கத்து ராஜ்ஜியமான சுராகார்த்தா அரண்மனையோடு சேர்ந்து கம்பெனிக்கு எதிராகச் சதி செய்தார்கள். சம்பளமும் எப்போது ஊர் திரும்புவோம் என்ற கவலையும் காரணங்கள். இன்னொரு காரணமும் உண்டு. இங்கே நம் தெய்வங்களுக்குக் கோயில் இருந்திருக்கிறதே என்ற திகைப்பு. அவர்களுக்கும் அரண்மனைக்கும் ஒட்டுறவு ஏற்பட அது பாலம் போட்டது. சதி வெளியே தெரிந்துவிட்டது. தலைவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். நம் பள்ளிக்கூடப் புத்தகம் எதிலும் நான் இதைப் படித்ததில்லை.

*

போரோபுதூரை விட்டுவிடு என்று நண்பனிடம் சொன்னேனா? மாட்டவே மாட்டேன். பாவம் வந்து சேரும்.

சைலேந்திர வம்சம் எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, ஒன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதிக்குள் கட்டி முடித்த பௌத்த மலை அது. உள்ளே கருவறை கிடையாது. படிப்படியாகச் சுற்றிச் சுற்றி ஏற வேண்டியதுதான். 2,672 புடைப்புச் சிற்பப் பலகைகள். 504 புத்தர்கள். உச்சியில் சல்லடைக்கண் போட்ட 72 ஸ்தூபிகள். 1896-ல் சயாம் ராஜா சூலலங்கார்ன் வந்தபோது டச்சு அரசு எட்டு வண்டி நிறையச் சிலைகளைத் தூக்கிக் கொடுத்தது. ஊரான் வீட்டு நெய், என் பெண்டாட்டி கை. 1985-ல் குண்டுவைத்து ஒன்பது ஸ்தூபிகளைச் சேதப்படுத்தினார்கள். 2010-ல் மெராபி எரிமலை சாம்பலைக் கொட்டியது. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. 2023-ல், உச்சிக்கு ஏற நாளொன்றுக்கு 1,200 பேர்தான் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். கல் தேயாமலிருக்க, நாரில் பின்னிய செருப்பு ஒன்றையும் மாட்டிவிடுகிறார்கள். அதற்குப் பெயர் 'உபானத்'. சம்ஸ்கிருதத்தில் செருப்பு.

மேலே போகிற அவசரத்தில் எல்லாரும் தவறவிடுவது ஒன்று உண்டு. அது கீழே இருக்கிறது.

1885-ல் ஐசர்மான் என்ற டச்சு இன்ஜினீயர் அடித்தளக் கற்களுக்குப் பின்னால் இன்னொரு அடித்தளம் ஒளிந்திருப்பதைக் கண்டார். சுற்றிலும் 160 சிற்பப் பலகைகள். கற்களைப் பிரித்து, காஸியான் செஃபாஸ் என்ற ஜாவாக்காரர் அத்தனையையும் போட்டோ எடுத்தார். பிறகு மறுபடி மூடிவிட்டார்கள். கட்டடம் சரியாமலிருக்க அந்த மேல்கட்டு தேவை.

அதில் என்ன செதுக்கியிருந்தது? கர்மவிபங்கம். இன்ன செயலுக்கு இன்ன பலன். மீன் பிடிக்கிறவர், அடிதடிக்காரர், வம்பு பேசுகிறவர், நோயாளிக்குக் கை கொடுக்கிறவர். சாதாரண ஜனங்களும் அவர்களுடைய பற்று வரவும். மேலே புத்தர்களும் அரசர்களும் இருக்க, மொத்த எடையையும் தாங்கும் அடித்தளத்தில், கண்ணுக்குத் தெரியாமல், ஒரு கணக்குப் புத்தகம்! தென்கிழக்கு மூலையில் மட்டும் சில பலகைகளைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஏறுவதற்கு முன்னால் அங்கே பத்து நிமிஷம் நில்லுங்கள்.

1980-களின் தொடக்கத்தில், கோயிலைச் சுற்றிப் பூங்கா போடுவதற்காக அங்கே இருந்த கிராமத்துக் குடும்பங்களைக் கிளப்பி அனுப்பினார்கள். போகமாட்டோம் என்று கடைசிவரை நின்றவர்கள் உண்டு. இப்போது நீங்கள் நடக்கிற பச்சைப்புல், சிலருடைய வீட்டு வாசல்.

*

இனி நான் செய்த தப்பு.

சில வருடங்களுக்கு முன்னால் நானும் போரோபுதூர் போனேன். வேன், வழிகாட்டி, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்ந்த பாக்கேஜ். உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். வடக்கே இருபது கிலோமீட்டருக்குள் மாகெலாங் என்று ஒரு ஊர். 'அங்கே என்ன?' என்று கேட்டேன். 'ஒண்ணுமில்லை சார், சாதாரண டவுன்' என்றார் வழிகாட்டி. வேன் தெற்கே திரும்பியது. நானும் தூங்கிவிட்டேன். ஊருக்கு வந்து படித்தபோதுதான் எதைத் தவறவிட்டேன் என்று தெரிந்தது.

மாகெலாங்கில் டச்சு ரெசிடென்ட்டின் பழைய மாளிகை இருக்கிறது. அதில் ஒரு அறை. அறையில் ஒரு மர நாற்காலி. கைப்பிடியில் கீறல். ஒரு மனிதர் கோபத்தை அடக்கிக்கொண்டு நகத்தால் அழுத்தியதில் விழுந்தது என்கிறார்கள்.

அந்த மனிதர் இளவரசர் திபோநெகோரோ. தீப நகரா என்று பிரித்தால் நமக்கே புரிந்துவிடும். 1812-ல் பாட்டனாரின் அரண்மனை சூறையாடப்பட்டபோது இருபத்தாறு வயது. பிறகு டச்சுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். நிலங்கள் குத்தகைக்குப் போயின. மூலைக்கு மூலை சுங்கச்சாவடி. தலைச்சுமை எடுத்துப்போகும் பெண்கள்கூட வரி கட்டவேண்டிய நிலை. 1825-ல் தெகல்ரெஜோவில் அவருடைய நிலத்துக்குள்ளேயே புது ரோட்டுக்கு முளைக்குச்சி அடித்தார்கள். பற்றிக்கொண்டது.

ஐந்து வருட யுத்தம். ஜாவாக்காரர்களில் இறந்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர். பசியும் நோயும் சேர்த்து. டச்சுத் தரப்பில் 15 ஆயிரம் பேர். அதிலும் ஏறக்குறைய பாதிப் பேர் அவர்களுக்காகப் போரிட்ட உள்ளூர்ச் சிப்பாய்கள்.

1830 மார்ச்சில் ஜெனரல் டி காக் சமாதானம் பேச அழைத்தார். ரம்ஜான் நோன்பு மாதத்தில் மாகெலாங்கில் தங்கவைத்து மரியாதை செய்தார்கள். மார்ச் 28, பெருநாளின் இரண்டாம் நாள். மரியாதை நிமித்தம் ஜெனரலைப் பார்க்கப் போனவரை அப்படியே கைதுசெய்தார்கள். விருந்தாளியை, பெருநாள் அன்று. அந்த நாற்காலி அன்றைய நாற்காலி.

ஜகார்த்தாவுக்குக் கொண்டுபோய், இன்று ஃபதஹில்லா சதுக்கத்தில் வெள்ளை வெளேரென்று மியூசியமாக நிற்கிறதே பழைய நகர மன்றம், அதில் சில நாள் காவலில் வைத்தார்கள். நண்பன் போட்டோ எடுத்துக்கொள்ளப் போகிற இடம். அங்கிருந்து சுலாவெசிக்கு. 1855-ல் மகாஸர் கோட்டையில் இறந்தார். சிறையில் ஆயிரம் பக்கத்துக்கு மேல் தன் கதையைச் சொல்லி எழுதவைத்தார். 2013-ல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவருடைய கிரீஸ் கத்தி ஒன்றை நெதர்லாந்து 2020-ல் திருப்பிக் கொடுத்தது. 190 வருடம் கழித்து.

*

யுத்தம் முடிந்தது. டச்சுக் கஜானாவில் ஓட்டை. அதை யார் அடைப்பது? தோற்றவன்தான்.

அதே 1830-ல் வான் டென் போஷ் என்ற புது கவர்னர் ஜெனரல் ஒரு திட்டத்தோடு வந்து இறங்கினார். ஒவ்வொரு கிராமமும் தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை அரசு சொல்லும் பயிருக்கு ஒதுக்க வேண்டும். காபி, கரும்பு, அவுரி. அறுவடையை அரசு சொல்லும் விலைக்கு அரசிடமே கொடுக்க வேண்டும். பேப்பரில் பார்த்தால் பாதகமில்லை. நடைமுறையில் ஐந்தில் ஒன்று என்பது பல இடங்களில் அதற்கு மேலே போனது. நல்ல நிலமும் தண்ணீரும் கரும்புக்கு. நெல்லுக்கு மிச்சம் மீதி. அதிகாரிகளுக்கு விளைச்சலில் கமிஷன். கமிஷன் ஏஜென்ட் கையில் சாட்டையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று விளக்க பி.காம். தேவையில்லை. 1840-களில் சிரெபோனிலும், 1849-50-ல் தெமாக், குரோபோகன் பகுதிகளிலும் பஞ்சம். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். நெல் விளையும் சீமையில்!

மறுபக்கம் ஐந்தொகையைப் பாருங்கள். 1831 முதல் 1877 வரை ஜாவாவிலிருந்து நெதர்லாந்து கஜானாவுக்குப் போன தொகை 80 கோடி கில்டருக்கு மேல். 1850-களில் டச்சு அரசின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு இது. பழைய கடன் அடைந்தது. ரயில் பாதை போட்டார்கள். இந்த உபரிக்கு டச்சு மொழியில் 'பாட்டிக் ஸ்லோட்' என்று பெயர். 'லாபகரமான மீதி' என்று மொழிபெயர்க்கலாம். அழகான கணக்கியல் வார்த்தை. பஞ்சத்தில் செத்தவர்களுக்கு அந்தப் பேரேட்டில் பத்தி கிடையாது.

எதிர்க்கணக்கு எழுத ஒரு டச்சுக்காரரே வரவேண்டியிருந்தது. 1856-ல் மேற்கு ஜாவாவின் லெபாக்கில் அதிகாரியாகச் சேர்ந்தவர் எடுவார்ட் டெக்கர். ஜனங்களிடமிருந்து மாட்டைப் பிடுங்குகிறார்கள், கூலியில்லாமல் வேலை வாங்குகிறார்கள் என்று மேலே புகார் எழுதினார். பதில், வழக்கம்போல. மூன்று மாதத்தில் ராஜினாமா. 1860-ல் 'முல்தாதூலி' என்ற புனைபெயரில் 'மாக்ஸ் ஹவெலார்' என்ற நாவலை வெளியிட்டார். ஹாலந்தே அதிர்ந்தது. பின்னாளில், 1988-ல், விவசாயிக்கு நியாய விலை கொடுத்து வாங்கிய காபிக்கு டச்சுக்காரர்கள் ஒரு முத்திரை போட ஆரம்பித்தபோது அதற்கு வைத்த பெயரும் மாக்ஸ் ஹவெலார்.

லெபாக்கின் தலைமையிடமான ராங்காஸ்பிதூங்கில் 2018-ல் முல்தாதூலி பெயரில் மியூசியம் திறந்தார்கள். ஜகார்த்தாவிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெய்ன் போகிறது. நம்ம ஊரில் பீச்சிலிருந்து செங்கல்பட்டு போகிற மாதிரி. ஷாப்பிங் மாலுக்கு ஒதுக்கிய ஒரு பகலை இதற்குக் கொடுக்கலாம்.

*

அந்த அகலமான ரோடும் பாக்கி இருக்கிறது. ஜாவாவின் மேற்கு முனையில் அன்யெரிலிருந்து கிழக்கே பனாருகான் வரை ஆயிரம் கிலோமீட்டர். 1808-ல் நெப்போலியன் ஆட்சிக்காலத்தில் வந்த கவர்னர் ஜெனரல் டெண்டெல்ஸ், ஏறக்குறைய ஒரே வருடத்தில் போட்டு முடித்தார். கட்டாய உழைப்பு. மலைச்சரிவிலும் சதுப்பிலும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் செத்தார்கள். இன்றைக்கும் அந்த வழித்தடத்தில்தான் லாரிகள் ஓடுகின்றன.

பாண்டுங்கிலிருந்து சுமேடாங் போகிற வழியில், பாறையை வெட்டி ரோடு போட்ட இடத்தில், ஒரு சிலை இருக்கிறது. டெண்டெல்ஸ் கை நீட்டுகிறார். எதிரே சுமேடாங் அரசர் பாங்கெரான் கொர்னெல். அவர் நீட்டியிருப்பது இடது கை. வலது கை, கத்திப்பிடியில்! என் ஜனங்களைக் கொல்கிறாயே என்ற கோபமாம். நிஜமாகவே அப்படி நடந்ததா என்பதில் சரித்திரக்காரர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஜனங்களுக்கு இல்லை. செத்தவர்கள் பெயரை யாரும் எழுதிவைக்காத இடத்தில், ஒரு இடது கையாவது மிஞ்சட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

*

கடைசி நாளுக்கு சுராபாயா என்றேன். 'எரிமலைக்குப் போற வழியில ட்ரெய்ன் மாறுற ஊர்தானே?' என்றான்.

1945 ஆகஸ்ட் 17-ல் இந்தோனேசியா சுதந்திரம் அறிவித்துவிட்டது. ஜப்பான் சரணடைந்த பிறகு ஒழுங்கை நிலைநாட்ட என்று சொல்லிக்கொண்டு பிரிட்டிஷ் படை வந்தது. டச்சுக்காரர்களை மறுபடி உட்காரவைக்க வந்திருக்கிறார்கள் என்று ஜனங்கள் கொதித்தார்கள். அக்டோபர் 30-ம் தேதி செம்பாலத்தின் அருகே பிரிகேடியர் மால்லபி கொல்லப்பட்டார். நவம்பர் 10-ம் தேதி நகரத்தின் மீது கப்பல், விமானம், டாங்கி எல்லாம் சேர்ந்து இறங்கின. சுமார் மூன்று வாரச் சண்டை. இந்தோனேசியர்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். இன்றும் அந்த நவம்பர் 10 அவர்களுக்கு வீரர்கள் தினம்.

மால்லபியின் படையணி எது தெரியுமா? 49-வது இந்தியக் காலாட்படை பிரிகேட். நவம்பரில் இறங்கியது 5-வது இந்திய டிவிஷன். இன்னும் இரண்டே வருடத்தில் சுதந்திரம் வாங்கப்போகிற தேசத்தின் பிள்ளைகள், இன்னொரு தேசத்தின் சுதந்திரத்தைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தியச் சிப்பாய்களை இதற்குப் பயன்படுத்தாதே என்று நேரு குரல் கொடுத்தார். சிப்பாய்களில் சிலர் துப்பாக்கியோடு எதிர்ப்பக்கம் போயே விட்டார்கள். மற்றவர்கள் உத்தரவுக்குக் கட்டுப்பட்டார்கள்.

1812-ல் ஒரு முறை, 1945-ல் ஒரு முறை. ஜாவாவின் பில்லில் நம் கையெழுத்தும் இருக்கிறது.

கையெழுத்து மட்டுமா? ராஃபிள்ஸ் கிழக்கு ஜாவாவிலிருந்து இரண்டு கல்வெட்டுகளை மிண்டோ பிரபுவுக்கு அனுப்பிவைத்தார். மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள ஒன்று ஸ்காட்லாந்தில் மிண்டோவின் குடும்பத்து எஸ்டேட்டுக்குப் போனது. மற்றது, ஐர்லங்கா ராஜாவின் 1041-ம் ஆண்டுக் கல்வெட்டு, கல்கத்தாவிலேயே நின்றுவிட்டது. தன் வம்சத்தையும், 1016-ல் அரண்மனை அழிந்த கதையையும், தான் காட்டிலிருந்து திரும்பி வந்து ராஜ்ஜியத்தை மீட்டதையும் ஒரு ராஜா சொன்ன கல். கோஹினூரைக் கொடு என்று லண்டனைப் பார்த்துக் கை நீட்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் கல் ஞாபகம் வரும்.

2023-ல் சிங்கசாரிக் கோயிலின் நான்கு கற்சிலைகளை நெதர்லாந்து திருப்பிக் கொடுத்தது. ஒன்று பிள்ளையார். இருநூறு வருட வெளியூர் வாசம் முடிந்து ஊர் வந்து சேர்ந்தார்.

*

நண்பனுக்கு நான் கொடுத்த லிஸ்ட் கடைசியில் இதுதான்.

முதல் நாள் ஜகார்த்தா, நகர மன்றமும் பழைய துறைமுகமும். இரண்டாம் நாள் ராங்காஸ்பிதூங். மூன்றாம் நாள் பாண்டுங் போய், சுமேடாங் ரோட்டில் அந்த இடது கையைப் பார்த்துவிட்டு, ராத்திரி ரயிலில் யோக்யகார்த்தா. நான்காம் நாள் அரண்மனை, மாலையில் பிரம்பானன். அங்கே சிவன் கோயிலின் தெற்கு மாடத்தில் அகத்தியர் நிற்கிறார், தொப்பையும் தாடியுமாக. தமிழர்கள் விசாரிக்காமல் வரக்கூடாது. ஐந்தாம் நாள் காலையில் போரோபுதூர், தென்கிழக்கு மூலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மதியம் மாகெலாங். ஆறாம் நாள் சுராபாயா, அங்கிருந்தே விமானம்.

'எரிமலை எங்கடா?'

'ரயில் ஜன்னல்ல தெரியும்.'

முனகினான். பிள்ளைகளுக்கு ஜீப் சவாரி ஆசை காட்டியிருக்கிறானாம். நியாயம்தான். முடிவில் சுமேடாங்கை எடுத்துவிட்டு, ஊர் திரும்புவதை ஒரு நாள் தள்ளிப் போட்டு, புரோமோவைச் சேர்த்துக்கொண்டான். இடது கை இன்னொரு தடவைக்குக் காத்திருக்கும். இருநூறு வருடம் காத்திருந்த கோபம்தானே.

திரும்பி வந்ததும் வாட்ஸ்அப்பில் நூற்றுக்கும் மேல் படம் அனுப்பினான். சூரியோதயம், ஸ்தூபி, ஜீப், குடும்பம். எல்லாம் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு படத்தில் மட்டும் யாருமே இல்லை. ஒரு பழைய மர நாற்காலி. கண்ணாடிக்குப் பின்னால். கைப்பிடியைக் கிட்டப்போய் எடுத்திருக்கிறான்.

கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தான். ஆடிட்டர் பாஷையில்.

'இந்தக் கணக்கு இன்னும் டேலி ஆகலைடா.'